பிரேக் முன்கூட்டியே சொல்லும்

"திடீர்னு பிரேக் பிடிக்கல மேஸ்திரி." வண்டியைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் சொன்னார்கள். சக்கரத்தைக் கழற்றினால் வேறு கதை தெரியும். லைனிங் தேய்ந்து, ரிவெட் தலை டிரம்மின் உட்புறத்தில் வட்ட வட்டமாகக் கோடு கிழித்திருக்கும். வீல் சிலிண்டரிலிருந்து கசிந்த ஆயில் புழுதியோடு சேர்ந்து பின்தகட்டில் களிம்பாக அப்பியிருக்கும். இவையெல்லாம் ஒரு நாளில் வருகிற கோளாறுகள் அல்ல. அந்த வண்டி பல வாரமாகச் சத்தம் போட்டிருக்கிறது, பெடலை ஆழமாக இறக்கிக் காட்டியிருக்கிறது, ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. ஓட்டியவருக்கு அது எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பிரேக்கும் கார் ரேடியோவும் இரண்டுமே என் தொழிலாக இருந்ததால் கிடைத்த பதில் அது.

1970களின் இறுதியில் மந்தைவெளியில் ஒரு சின்னப் பட்டறையில் பையனாகச் சேர்ந்தேன். உள்ளே பெரிய மேஸ்திரி பிரேக், சஸ்பென்ஷன் வேலை பார்ப்பார். வாசலை ஒட்டிய தகரக் கூரைக்குக் கீழே எலெக்ட்ரிக் வேலை செய்த பாய் இருந்தார். டைனமோ, ஸ்டார்ட்டர், ஹாரன், ரேடியோ எல்லாம் அவர் கை. காலையில் மேஸ்திரிக்குச் சக்கரம் கழற்றிக் கொடுப்பேன். மாலையில் பாய் பக்கத்தில் உட்கார்ந்து சால்டரிங் பிடிப்பேன். இரண்டு தொழிலும் ஒரே வயதில் கையில் ஏறின.

அன்று மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் நின்றது பெரும்பாலும் மூன்றே வகை வண்டிகள். கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் ஊரிலேயே வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மூன்றிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பழைய வண்டிகளில் ஆயில் போகும் பாதையும் ஒன்றே ஒன்று. எந்த மூலையில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். இரண்டு பாதையாகப் பிரித்த மாஸ்டர் சிலிண்டர் பின்னால்தான் பரவலாக வந்தது. அதனால் மேஸ்திரி எந்த வண்டி வந்தாலும், என்ன வேலைக்காக வந்தாலும், முதலில் கீழே படுத்து பிரேக் பைப்பை விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் ஈரம் பட்டால் மற்ற வேலை எதுவும் நடக்காது.

லைனிங் மாற்றுவது அப்போது முழு நாள் வேலை. தேய்ந்த லைனிங்கைத் தட்டி எடுத்து, ஷூவைச் சுத்தம் செய்து, புது லைனிங்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக ரிவெட் அடிக்க வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் தூக்கிக்கொள்ளும். டிரம் நீள்வட்டமாகிப் போயிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். உதிரிபாகத்துக்கு ஜி.பி. ரோட்டுக்கு ஓடுவேன். அங்கே கிடைக்காத பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. இந்த ஊருக்கு பிரேக் புதிய விஷயம் அல்ல. பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது. அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங், பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று நாடு முழுக்க ஓடும் வண்டிகளை நிறுத்தும் பொருள் சென்னையின் மேற்கு ஓரத்திலிருந்துதான் போனது. தன் ஊரில் செய்த பொருளை வீணாக்கினால் மேஸ்திரிக்குக் கோபம் வரும்.

ஒரு விஷயத்தை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயால் தூசியை ஊதித் தள்ளுவதே எல்லாப் பட்டறையிலும் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்து நோயாக வரும் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இன்று நல்ல கம்பெனிகள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்கும் பேடும் தருகின்றன. ஆனாலும் என் பட்டறையில் பிரேக் தூசியை ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

இனி வாசல் பக்கம் வருகிறேன். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த முறை போனது. டேஷ்போர்டில் பொருத்திய செட்டில் இரண்டு குமிழ், நடுவில் ஐந்து பொத்தான். ஒரு ஸ்டேஷனைக் குமிழால் பிடித்து, பொத்தானை வெளியே இழுத்து உள்ளே அழுத்தினால் அந்த ஸ்டேஷன் அந்தப் பொத்தானில் பதிந்துவிடும். அதன்பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் விரல் தடவி மாற்றிக்கொள்ளலாம். மயிலாப்பூர் வண்டிகளில் முதல் பொத்தான் சென்னை ஏ, இரண்டாவது விவித் பாரதி, மூன்றாவது இலங்கை வானொலி. கடல் நீர் மேல் மீடியம் வேவ் நன்றாகப் பரவும். சாந்தோம் கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்தினால் இலங்கை ஸ்டேஷன் உள்ளூர் ஸ்டேஷன் போலத் தெளிவாக விழும்.

செட்டைப் பொருத்திய பிறகுதான் பாயின் உண்மையான வேலை தொடங்கும். முதலில் பாட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பார்ப்பார். பழைய மாரிஸ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதைப் பார்க்காமல் டிரான்சிஸ்டர் செட்டை மாட்டினால் ஸ்விட்சைப் போட்ட நொடியில் செட் போய்விடும். அடுத்தது ஏரியல். டயலின் மேல் முனையில், 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம், பலவீனமாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனைப் பிடித்து, செட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன டிரிம்மர் ஸ்க்ரூவைச் சத்தம் உச்சத்துக்கு வரும்வரை மெல்லத் திருப்புவார். வலுவான ஸ்டேஷனில் இதைச் செய்தால் வித்தியாசம் தெரியாது.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, இரைச்சலைக் கேட்பார். "என்ன கேக்குது, சொல்லு" என்பார் என்னிடம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை என்றால் டைனமோ. அதற்கு ஒரு கண்டென்சர் போட வேண்டும். டிக் டிக் என்று துடித்தால் இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டர் வயரில் சப்ரஸர் போட வேண்டும். மேடு பள்ளத்தில் மட்டும் கரகரத்தால் ஏரியல் அடிப்பகுதியில் எர்த் லூஸ். கடலோர வீட்டு வண்டிகளில் அந்த இடத்தில் துரு பிடித்திருக்கும். மீட்டர் எதுவும் இல்லாமல் காதை வைத்தே பாய் கோளாறின் முகவரியைச் சொல்லிவிடுவார். அவரிடம் கற்றுக்கொண்டதுதான் பிற்பாடு பிரேக் வேலையில் எனக்கு அதிகம் உதவியது. வண்டி போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் இடமும் ஒரு காரணமும் இருக்கின்றன.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் மேட்ச்சின் கடைசி நாள். பட்டறையில் ஓர் அம்பாசடர் ஸ்டாண்டில் நின்றது. வீல் சிலிண்டர் கிட் மாற்றி முடித்து, பிரேக்கில் ஏர் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் உள்ளே உட்கார்ந்து பெடல் மிதிக்க, மேஸ்திரி சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். "மிதி... பிடி... விடு" என்று அவர் சொல்வார். இந்தியா 348 ரன் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வண்டியின் ரேடியோவிலேயே வர்ணனை. கடைசி ஓவர்கள் நெருங்கியதும் தெருவில் போனவர்களெல்லாம் வண்டி ஜன்னலைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மேஸ்திரிக்கு கிரிக்கெட் என்றால் உயிர். அப்படியும் அவர் செய்தது இதுதான்: நிப்பிளை இறுக்கி மூடினார், ஆயில் டப்பாவை நிரப்பி மூடியைத் திருகினார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப கேக்கலாம்" என்றார். பாதியில் விட்டுவிட்டுக் கேட்டிருந்தால் டப்பா வற்றிக் காற்று மறுபடி உள்ளே போயிருக்கும். மேட்ச் 347இல் டை ஆனது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது டை. கூட்டம் கலைந்ததும் ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டு, தூரத்துச் சக்கரத்திலிருந்து மறுபடி தொடங்கி, குமிழி வராத சுத்தமான ஆயில் வரும்வரை எடுத்தார். பிரேக் வேலை நடக்கும்போது ரேடியோ ஓடக் கூடாது என்ற விதி அவருடையது. என் பட்டறையில் இன்றும் அது இருக்கிறது.

நான் தனியாகப் பட்டறை போட்டது அடையாறில். அதற்கு முன்பே மாருதி 800 வந்து ஊரை மாற்றிவிட்டது. 1983 டிசம்பரில் அந்த வண்டி வந்ததற்குப் பின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் என்பது சாதாரண வீடுகளின் விஷயமானது. டிஸ்க் பிரேக்கில் அட்ஜஸ்ட் செய்யும் வேலை இல்லை. பேட் தேயத் தேய கேலிப்பரில் உள்ள பிஸ்டனே முன்னால் நகர்ந்துகொள்ளும். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டிரம் பிரேக் தேயும்போது பெடல் ஆழமாக இறங்கிக் காட்டும். டிஸ்க் பேட் தேயும்போது பெடலில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்காகத்தான் பல பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கை வைத்தார்கள். பேட் மெலிந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு வந்தால் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அந்தக் கீச்சல் பழுது அல்ல. பேடை மாற்றச் சொல்லி வண்டி கொடுக்கும் எச்சரிக்கை.

அதே ஆண்டுகளில் காருக்குள் கேசட் டெக் வந்தது. பர்மா பஜாரிலிருந்து டெக்கை வாங்கி வந்து, "மேஸ்திரி, இதை ஃபிட் பண்ணுங்க" என்பார்கள். பின் கண்ணாடிக்கு அடியில் பெரிய ஓவல் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப்ளிஃபயர், அப்புறம் டிக்கி முழுக்க சப் வூஃபர். நானே எத்தனையோ வண்டிக்குப் பொருத்தியிருக்கிறேன். நல்ல ஒலிக்காக மெனக்கெடும் ஆள் நான். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, அழுத்தும் ரப்பர் உருளையைச் சுத்தம் செய்து கொடுத்தாலே மங்கிப்போன பாட்டு மறுபடி பளிச்சென்று வரும். அதைக் கேட்டு ஒருவர் முகம் மலர்வதைப் பார்க்கும் சந்தோஷம் இந்தத் தொழிலின் கூலிகளில் ஒன்று.

தொண்ணூறுகளில் ஒரு வண்டி வந்தது. தி.நகரில் ஜவுளி வியாபாரம் செய்த ஒருவருடையது. பிரேக் போட்டால் ஸ்டீயரிங் அதிர்கிறது என்றார். சாவியைத் திருப்பினேன். முழு வால்யூமில் பாட்டு வெடித்தது. அதை அணைத்துவிட்டுப் பனகல் பூங்காவை ஒரு சுற்று வந்தேன். ஒவ்வொரு முறை பிரேக்கைத் தொட்டபோதும் இரும்பு இரும்பை அரைக்கும் சத்தம் தெருவில் போகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கழற்றினால் பேடில் பொருளே இல்லை. அடித்தகடுதான் டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க் கடைவதற்கும் லாயக்கில்லாமல் மெலிந்துவிட்டது. "எப்பலேருந்து சார் கத்துது?" என்று கேட்டேன். "கத்துதா?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு அது வரவே இல்லை. பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க், கேலிப்பர் என்று பல மடங்கு ஆனது.

அந்த நாளுக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாருக்கு ஸ்டீரியோ பொருத்தினாலும் சாவியைக் கொடுக்கும்போது சொல்வேன்: "காலைல வண்டி எடுத்தா முதல் அஞ்சு நிமிஷம் பாட்டு வேணாம் சார். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, ஒரு சுவர் ஓரமாப் போய், ரெண்டு தடவை பிரேக் போட்டுப் பாருங்க." சுவர் ஓரம் என்பதற்குக் காரணம் உண்டு. சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டு ஓட்டுபவர் காதுக்குத் திரும்பும். திறந்த ரோட்டில் அது சிதறிப்போகும். இதைக் கேட்டு நடந்தவர்கள் பேட் மாற்றுவதோடு தப்பித்தார்கள்.

சத்தமே போடாமல் கெடும் ஒன்றும் பிரேக்கில் உண்டு. அது ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. நம் கடலோர ஊரில் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவுகோல் 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மயிலாப்பூர் மாடவீதியில் ஓட்டும்வரை எதுவும் தெரியாது. மலையில் இறங்கும்போதுதான் தெரியும்.

அடையாறு குடும்பம் ஒன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேல் கியரில் போட்டுக்கொண்டு, பிரேக்கை விடாமல் மிதித்தபடியே இறங்கியிருக்கிறார்கள். பாதி மலையில் பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது. வண்டியில் இருந்த பெரியவர் அந்தக் காலத்து அம்பாசடர் ஓட்டியவர். மகனைப் பதறாமல் ஒவ்வொரு கியராகக் குறைக்கச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவைத்து, மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டார். அரை மணி நேரம் ஆறியதும் பெடல் மறுபடி மேலே வந்ததாம். ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து, "லீக் எதுவும் இல்லையே, எப்படிப் போச்சு?" என்று கேட்டார்கள். டப்பாவைத் திறந்தால் ஆயில் கறுத்துக் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை மாற்றவே இல்லை. சூட்டில் அதிலிருந்த ஈரம் ஆவியாகிவிட்டது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரையைத் தொட்டதற்கு அதுதான் காரணம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் திருமலைக்கும் இதுவே போதும்.

இன்னொரு வண்டியில் வேறு ஒரு இடத்தில் யாரோ அவசரத்தில் பிரேக் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப்புகள் ஊதிப்போகும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை எல்லா ரப்பரும், எல்லா ஹோஸும் மாற்ற வேண்டியதாயிற்று. டப்பா மூடியில் எந்த வகை ஆயில் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, சீல் உடைக்காத புது டின்னிலிருந்து ஊற்ற வேண்டும். திறந்து வைத்த பழைய டின் வேண்டாம்.

ரேடியோவின் கதை நடுவில் ஒரு திருப்பம் கண்டது. எஃப்.எம். ஒலிபரப்பு இந்தியாவில் முதன்முதலில் தொடங்கியது நம் சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. ஆனால் அன்றைய கார் செட்டுகளில் எஃப்.எம். இல்லை. 2003இல் தனியார் எஃப்.எம். ஸ்டேஷன்கள் இங்கே வந்த பிறகுதான் டிரைவர்கள் மறுபடி ரேடியோவுக்குத் திரும்பினார்கள். கால் டாக்சி டிரைவர்கள் என்னிடம் வந்து கேட்டதெல்லாம் ஒரு நல்ல ஆன்டெனா. எங்கே டிராஃபிக், எந்த சப்வேயில் தண்ணீர் என்று ரேடியோ சொல்வது அவர்களுக்குப் பிழைப்பு விஷயம். ரேடியோ டிரைவருக்கு எதிரி என்று நான் எப்போதும் சொல்லமாட்டேன். இரவு வண்டி ஓட்டுபவனைத் தூங்காமல் வைத்திருந்த குரல்கள் எத்தனையோ. எந்த அளவு சத்தம், எப்போது என்பதுதான் கேள்வி.

தண்ணீர் என்றதும் சப்வே நினைவு வருகிறது. பெருமழையில் தி.நகர் துரைசாமி சப்வேயில் தண்ணீர் நிற்பது எல்லோரும் அறிந்தது. தண்ணீரைக் கடந்து வந்த வண்டியின் பின் டிரம்மில் நீர் தங்கும். அடுத்த சிக்னலில் பிரேக் போட்டால் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி, வலது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

2015 டிசம்பரில் அடையாறு ஆறு பெருகியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கத்து வண்டிகள் கூரைவரை மூழ்கின. தண்ணீர் வடிந்த பின் என் தெரு முழுக்க வண்டிகள் வரிசையாக நின்றன. சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் எஞ்சினையும் இழந்தார்கள். போடாமல் இழுத்து வந்தவர்களுடையதைக் காப்பாற்ற முடிந்தது. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். பிறகு நான்கு சக்கரமும். டிரம்முக்குள் ஆற்றுச் சேறு கெட்டியாக இருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துரு. பிரேக் ஆயில் டப்பாவின் காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்ததால் ஆயில் எல்லாவற்றையும் கொட்டினோம். சீட்டுக்கு அடியில் வைத்த ஆம்ப்ளிஃபயர்கள் ஒன்றும் தேறவில்லை. அதன்பிறகு யாருக்கும் நான் ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்துக் கொடுப்பதில்லை.

இந்த இரண்டு தொழிலும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. திரையோடு வரும் செட்டுகளில் பச்சை நிறத்தில் ஒரு மெல்லிய வயர் இருக்கும். அதை ஹேண்ட் பிரேக் ஸ்விட்சோடு இணைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் இழுத்து வண்டி நின்றால்தான் திரையில் படம் ஓடும் என்பதற்கான ஏற்பாடு அது. பலரும் என்னிடம் கேட்பது, "அதை நேரா எர்த் பண்ணிடுங்க மேஸ்திரி, ஓட்டும்போதே படம் வரட்டும்." இரண்டு நிமிட வேலை. நான் செய்வதில்லை. வேறு கடைக்குப் போகிறேன் என்றால் போகட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். ஒரு நொடி திரையைப் பார்த்தால் அந்த 17 மீட்டரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். பிரேக் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். எவ்வளவு நல்ல பேட் போட்டுக் கொடுத்தாலும் அந்த 17 மீட்டரை என்னால் திருப்பித் தர முடியாது.

வயரிங்கில் இன்னொரு ஆபத்தும் பார்த்திருக்கிறேன். ஒரு வண்டியை அண்ணா சாலையில் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. தவறு பின்னால் வந்தவர்மேல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வண்டி என்னிடம் வந்ததும் பின்னால் போய் நின்று பிரேக் மிதிக்கச் சொன்னேன். லைட் எரியவில்லை. ஸ்டீரியோ போட்டவர்கள் அதற்கான கரண்டை பிரேக் லைட் ஃபியூஸிலிருந்து இழுத்திருந்தார்கள். சத்தம் கூட்டியதும் ஃபியூஸ் போயிருக்கிறது. பாட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ் போட்டு செட்டை மாட்டுவதுதான் முறை. செட் மாட்டி வெளியே எடுக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி பிரேக் லைட்டைப் பாருங்கள். காசில்லாத சோதனை இது.

2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. இது நான் பார்த்த மாற்றங்களிலேயே பெரியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கணினி பிடித்து விடும், விட்டுப் பிடிக்கும். அதனால் அழுத்தி மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒதுங்க முடிகிறது. ஆனால் அது வேலை செய்யும்போது பெடல் காலடியில் தடதடக்கும், கீழே கரகரவென்று சத்தம் வரும். அதைப் பழுது என்று நினைத்துக் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவே கூடாது. புது வண்டி வாங்கியவர்களை ஆளில்லாத ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு முறை முழு அழுத்தில் பிரேக் போடச் சொல்வேன். அந்தத் தடதடப்பு காலுக்கு ஒரு முறை பழகிவிட்டால் ஆபத்தில் கால் பின்வாங்காது.

இப்போது பேட்டரி கார்கள் வருகின்றன. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியின் வேகத்தைக் குறைத்து மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. பிரேக் பேடுக்கு வேலை குறைவு. அதுவே பெசன்ட் நகர்க் கடலோரத்தில் புதுப் பிரச்சினை. உப்புக் காற்றில் டிஸ்க் துருப்பிடிக்கிறது, கேலிப்பர் பின்கள் இறுகுகின்றன. வாரத்தில் சில முறையாவது பெடலை மிதித்து நிறுத்தி டிஸ்க்கைத் தேய்த்துவிட வேண்டும். நாள்கணக்கில் அபார்ட்மென்ட் நிலவறையில் நிற்கும் பெட்ரோல் வண்டிகளுக்கு வேறு யோசனை. சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்தே விட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய செட்டில் இருந்த ஐந்து பொத்தான்களை மட்டும் இந்தக் காலத்து வண்டிகளில் தேடுகிறேன். திரையில் பாட்டை மாற்ற விரலும் கண்ணும் இரண்டும் போக வேண்டியிருக்கிறது. ஸ்டீயரிங்கில் பொத்தான் உள்ள வண்டி என்றால் அதைப் பழகுங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன்பே பாட்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

என்னிடம் வந்த வண்டிகளில் எச்சரிக்காமல் பிரேக் போனவை மிகச் சில. அவை பெரும்பாலும் ஹோஸ் வெடித்தவை. மற்ற எல்லாமே முதலில் சத்தத்தால் சொன்னன, பிறகு பெடலால் சொன்னன, அப்புறம் வாடையால் சொன்னன. முதல் சத்தத்திலேயே வந்தால் ஒரு ஜோடி பேட் விலை. தள்ளிப்போட்டால் டிஸ்க்கும் சேரும். அதையும் தள்ளிப்போட்டால் விலை ரோட்டில் வேறு யாரோ கொடுக்க வேண்டியதாகிவிடும். நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பாருங்கள். ரேடியோவை அணைத்துவிட்டு, ஒரு சுவர் ஓரமாக மெல்லப் போய் இரண்டு முறை பிரேக் போடுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் நிம்மதியாகப் பாட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது கேட்டால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள்.